தேக்குக் கதவு மேல பெயின்ட் நிக்குமா? பழைய கிச்சன் கப்போர்டுக்கு நிறம் மாற்றும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

போன வருஷம் திருச்சியில் எங்கள் வீட்டு கிச்சன் கப்போர்டுகளுக்கு பெயின்ட் அடித்தோம். 1998-ல் வீடு கட்டியபோது ஆசாரி வீட்டிலேயே தங்கி இழைத்துக் கொடுத்த நாட்டுத் தேக்குக் கதவுகள். மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள், அதற்கு மரச் சட்டம், அதில் வார்னிஷ் அடித்த ஷட்டர் கதவுகள். தமிழ்நாட்டில் 80-கள், 90-களில் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் இந்த செட்டப்பைப் பார்த்திருப்பீர்கள்.

27 வருஷத்தில் அந்த வார்னிஷ் கறுத்துப் போய்விட்டது. பகலிலேயே லைட் போட்டால்தான் மிளகு எது, கடுகு எது என்று தெரியும். "வெள்ளையா ஒரு பெயின்ட் அடிச்சா என்ன?" என்பது அம்மாவின் பல வருஷக் கேள்வி. "தேக்குல போய் யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?" என்பது அப்பாவின் பதில். ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்து, ஒரு பெயின்டரைக் கூப்பிட்டோம். இரண்டே நாளில் வேலை முடிந்தது. கிச்சன் பளிச்சென்று ஆனது.

மூன்றே மாதம். அடுப்புக்குப் பக்கத்துக் கதவில், கைப்பிடியைச் சுற்றி, பால் ஏடு மாதிரி பெயின்ட் உரிய ஆரம்பித்தது. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக வந்தது. அதற்கு அடியில் பழைய வார்னிஷ், ஒரு கீறல்கூட இல்லாமல், அதே மினுமினுப்போடு இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்று அப்பா சொன்னார். தப்பு எங்கே நடந்தது என்று தேட ஆரம்பித்ததில் தெரிந்துகொண்டதும், இந்த பிப்ரவரியில் நாங்களே மறுபடி செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

உரிந்த பெயின்டைத் திருப்பிப் பாருங்க

பெயின்ட் உரிந்தால் உடனே "மட்டமான பெயின்ட்" என்போம். பெரும்பாலும் காரணம் பெயின்டில் இருக்காது. உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

* பின்பக்கம் சுத்தமாக, வழவழப்பாக இருந்தால், பெயின்ட் வார்னிஷ் மேல் ஒட்டவே இல்லை என்று அர்த்தம். எங்கள் கதை இதுதான்.
* பின்பக்கத்தில் பழுப்பு நிறப் படலம் ஒட்டியிருந்தால், வார்னிஷே மரத்தை விட்டுக் கழன்றுவிட்டது. பெயின்ட் அதோடு சேர்ந்து வந்திருக்கிறது.
* மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, கொப்புளம் கொப்புளமாக இருந்தாலோ, உள்ளே ஈரம் இருக்கலாம். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகளில் இது சகஜம்.

ஒட்டாமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு. தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை கதவில் போய்ப் படிகிறது. சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை காற்றும் சூடும் பட்டு வருஷக்கணக்கில் கெட்டியாகி, பசை மாதிரி ஒரு படலம் ஆகிவிடுகின்றன. ஈரத்துணியால் துடைத்தால் போகாது, இன்னும் கொஞ்சம் பரவும், அவ்வளவுதான். இரண்டாவது காரணம் வார்னிஷின் வழவழப்பு. கண்ணாடி மாதிரி இருக்கும் பரப்பில் பெயின்ட் பிடித்து நிற்க ஒரு சின்ன சொரசொரப்புகூட இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் கதவைக் கழற்றவில்லை. துணியால் துடைத்தார், நேராக ப்ரைமர் அடித்தார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. "ரெண்டு நாள்ல முடிச்சுடுங்க" என்று கேட்டது நாங்கள்தானே!

முதலில், பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமா?

உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் நான்கு விஷயங்களைச் செக் பண்ணுங்கள்.

உங்கள் கதவு உண்மையிலேயே வார்னிஷ் அடித்த மரமா? மரம் மாதிரி டிசைன் போட்ட சன்மைக்காவாக இருந்தால் அதற்கான ப்ரைமரே வேறு. கதவின் ஓரத்தைப் பாருங்கள். மர ரேகை முகப்பிலிருந்து ஓரம் வரை தொடர்ந்தால் மரம். ஓரத்தில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் பிளைவுட்.

பிளைவுட் மேல் மெல்லிய தேக்கு வெனீர் ஒட்டியிருந்தால், உரசுவதில் ரொம்ப நிதானம் வேண்டும். வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இருக்காது. மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் ஓட்டை.

கரையான், வண்டு அரிப்பு இருக்கிறதா? கதவுக்குக் கீழே மாவு மாதிரி தூள் கொட்டினால், முதலில் அதற்கு மருந்து. பூச்சி உள்ளே இருக்கும்போது மேலே பெயின்ட் அடிப்பதில் பயனே இல்லை.

நான்காவது, அப்பாவின் கேள்வி. நல்ல தேக்கை மூடுவது பாவம் இல்லையா? வார்னிஷ் மங்கியிருப்பதுதான் பிரச்னை என்றால், சுத்தம் செய்து, லேசாக உரசி, மறுபடி வார்னிஷ் அடித்தாலே போதும். மர நிறமே வேண்டாம், வெளிச்சம் வேண்டும் என்றால் மட்டும் பெயின்ட்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெயின்ட் அடிக்க வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. எடுக்காமல் இருப்பதுதான் நல்லது. வார்னிஷ் மரத்தின் நுண்துளைகளை ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறது. அதற்கு மேலே அடிக்கும் பெயின்ட் மரத்துக்குள் இறங்காது. பத்து வருஷம் கழித்து யாராவது "எனக்குத் தேக்கு நிறமே வேணும்" என்றால், பெயின்டை எடுத்து மரத்தை மீட்பது சுலபம். வெறும் மரத்தில் இறங்கிய வெள்ளை பெயின்டை ரேகைகளிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு. அப்பா இரண்டாவது முறை சம்மதித்தது இந்த ஒரு பாயின்ட்டுக்காகத்தான்.

என்ன வார்னிஷ்? பஞ்சு சொல்லிவிடும்

கடைக்காரர் "டச்வுட்டா, மெலமைனா, ஸ்பிரிட் பாலிஷா?" என்று கேட்பார். 27 வருஷத்துக்கு முன்னால் அடித்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? கதவின் உள்பக்கம், கண்ணில் படாத மூலையில் ஒரு சின்ன டெஸ்ட் செய்யலாம்.

பஞ்சில் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிஷம் வைத்து எடுங்கள். பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அது ஷெல்லாக், அதாவது ஸ்பிரிட் பாலிஷ். கரையவில்லையா? இன்னொரு மூலையில் என்.சி. தின்னர் தொட்டு வையுங்கள். இளகினால் என்.சி. லாக்கர். இரண்டுக்குமே அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ், மெலமைன் அல்லது பி.யு. எங்கள் வீட்டில் ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, தின்னருக்கு லேசாகச் சுருங்கியதோடு சரி. பழைய எண்ணெய் வார்னிஷ் என்று முடிவு செய்தோம்.

இதனால் என்ன லாபம்? என்.சி. லாக்கர் என்றால், அதற்கு மேல் தின்னர் கலந்த எதையும் பிரஷ்ஷில் அடிக்கக் கூடாது என்று தெரிந்துவிடும். அடித்தால் கீழே உள்ள படலம் இளகிச் சுருங்கும். ஸ்பிரிட் பாலிஷ் என்றால் சூட்டிலும் ஈரத்திலும் அது ஏற்கெனவே பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம்; உரியும் இடங்களை முழுசாக எடுத்துவிட வேண்டும்.

தூளில் ஈயம் இருக்கலாம்: இதை ஸ்கிப் பண்ணாதீங்க

இந்தியாவில் வீட்டு பெயின்ட்களில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிகள் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதாவது, பத்து லட்சத்தில் 90 பங்கு. அதற்கு முன்னால் அடித்த எனாமல் பெயின்ட்களில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற அடர் நிறங்களில், இதைவிடப் பல மடங்கு ஈயம் இருந்திருக்கலாம். பழைய எண்ணெய் வார்னிஷ்களிலும் சீக்கிரம் காய்வதற்காக ஈயம் கலந்த டிரையர் சேர்ப்பது உண்டு.

பெயின்ட் அப்படியே இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உரசித் தூளாக்கும்போதுதான் சிக்கல். அந்தத் தூள் கிச்சனில், தட்டில், தவழும் குழந்தையின் கையில் போய்ச் சேரும். ரத்தத்தில் இந்த அளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும்.

அதனால்:

* கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடியும்வரை அந்தப் பக்கம் வர வேண்டாம்.
* வார்னிஷுக்கு அடியிலோ மேலேயோ பழைய நிற பெயின்ட் தெரிந்தால் காய்ந்த நிலையில் உரசாதீர்கள். மெஷின் போடவே வேண்டாம். தண்ணீரில் நனைத்து உரசும் வாட்டர் பேப்பர் பயன்படுத்துங்கள், அல்லது ஆய்வகத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.
* சாதாரணத் துணி மாஸ்க் போதாது. குறைந்தது என்-95.
* தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

எங்கள் வீட்டுப் பரண் கதவில் 1998-ல் அடித்த பச்சை எனாமல் இருந்தது. உரியாமல் கெட்டியாகத்தான் இருந்தது. அதைக் கழுவிவிட்டு அப்படியே விட்டுவிட்டோம். கிச்சனில் அது ஒன்று மட்டும் பச்சை. இருந்துட்டுப் போகட்டும்.

கதவைக் கழற்றுங்க, நம்பர் போடுங்க

கதவு, கைப்பிடி, கீல், காந்தம் எல்லாம் கழற்றிவிட வேண்டும். கீல் மேலேயே பெயின்ட் அடித்தால், திறந்து மூடும்போது முதல் விரிசல் அங்கேதான் விழும்.

ஒரே அளவு மாதிரி தெரியும் கதவுகள் ஒரே அளவாக இருக்காது. கையால் இழைத்த கதவுகள் ஒவ்வொன்றும் அதன் சட்டத்துக்கு ஏற்ப ஒரு நூல் கூடக் குறைய இருக்கும். கதவுக்கும் சட்டத்துக்கும் ஒரே நம்பர் போட்டு, ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவரில் போடுங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

நான் மார்க்கரோடு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். கீல் பக்க ஓரத்தில், வார்னிஷுக்கு அடியில், ஆசாரியே பென்சிலில் எழுதி வைத்திருந்தார்: "3 வலது", "4 இடது". பன்னிரண்டு கதவிலும் இருந்தது.

எண்ணெய் எடுப்பது: வேலையில் பாதி இதுதான்

இங்கேதான் பலரும் ஆர்டரை மாற்றிவிடுகிறார்கள். முதலில் உரசிவிட்டு அப்புறம் துடைப்பார்கள். அப்படிச் செய்தால் உப்புத்தாள் எண்ணெயை எடுக்காது, தான் போட்ட கீறல்களுக்குள்ளேயே தேய்த்துவிடும். தாளும் இரண்டு நிமிஷத்தில் பிசுக்கு அடைத்து வீணாகும். முதலில் கழுவு, அப்புறம் உரசு. இந்த ஒரு வரி மட்டும் ஞாபகம் இருந்தால்கூடப் போதும்.

நாங்கள் செய்த முறை இது:

1. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்து, ஸ்பாஞ்சால் முழுக் கதவையும் தேய்த்துத் துடைப்பது. இது மேலாக உள்ள அழுக்குக்கு.
2. அடுப்புப் பக்கக் கதவுகளுக்கும் கைப்பிடியைச் சுற்றிய இடங்களுக்கும் வாஷிங் சோடா. ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன். சமையலுக்குப் போடும் ஆப்ப சோடா இல்லை, துணி துவைக்கும் சோடா. இது காரத்தன்மை உள்ளது; எண்ணெயோடு சேர்ந்து அதை சோப்பாக மாற்றிவிடும். அதனால்தான் பிசுக்கு கரைகிறது. கையுறை அவசியம். அலுமினியக் கைப்பிடி கதவில் இருந்தால் கறுத்துவிடும், கழற்றிவிடுங்கள்.
3. நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைப்பது. சோடா மிச்சம் இருந்தால், எண்ணெய் ப்ரைமரையும் அது சோப்பாக்கப் பார்க்கும். அதாவது மறுபடி உரியும். மரத்தை ஊற விடாமல், பிழிந்த துணியால் துடைக்க வேண்டும்.
4. ஒரு நாள் முழுக்க நிழலில், காற்றோட்டமாகக் காய வைப்பது.
5. கடைசியாக, சுத்தமான வெள்ளைத் துணியில் டர்பன்டைன் தொட்டு ஒருமுறை துடைப்பது. மெழுகு, பளபளப்பு ஸ்ப்ரே போன்றவை சோப்புக்குப் போகாது. துணியில் பழுப்பு வராத வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுப்புக்கு மேலே இருந்த கதவுக்கு மட்டும் நான்கு துணி ஆனது. "இதுக்கு மேலதான் போன தடவ பெயின்ட் அடிச்சோமா!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கை: டர்பன்டைன், ஸ்பிரிட், தின்னர் மூன்றும் சட்டென்று தீப்பிடிக்கும். கிச்சனுக்குள் வேலை செய்தால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு, விளக்கு எல்லாம் அணைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்தால் வேலையை மொட்டை மாடி நிழலுக்கோ போர்ட்டிகோவுக்கோ மாற்றிவிடுங்கள். ஸ்பிரிட் விஷமும்கூட. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

உப்புத்தாள்: மினுமினுப்பு போனால் போதும்

கடையில் உப்புத்தாள் வாங்கும்போது பின்னால் ஒரு நம்பர் இருக்கும். நம்பர் கூடக்கூட நைஸ். வார்னிஷ் கதவுக்கு 180-ல் ஆரம்பித்து 220-ல் முடிக்கலாம். 80, 100 வேண்டாம்; அந்தக் கீறல்கள் பெயின்டுக்கு மேலேயும் தெரியும்.

எதுவரை உரசுவது? மினுமினுப்பு போய், மேலே பால் படிந்த மாதிரி மங்கினால் போதும். மரம் தெரியும்வரை தேய்க்கத் தேவையில்லை. ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தட்டையான இடத்துக்கு ஒரு சின்ன மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். பேனல் பள்ளங்களுக்கு விரல்தான். வார்னிஷ் ஏற்கெனவே உரிந்து நிற்கும் இடங்களில், கெட்டியாக உள்ள ஓரம்வரை சுரண்டி, மேடு பள்ளம் தெரியாமல் சரிவாக்குங்கள்.

சரியாக வந்திருக்கிறதா? தூளைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. திரும்பக் கழுவ வேண்டும். மெல்லிசாகப் பரவினால் ஓகே.

ஆணி ஓட்டை, பழைய கைப்பிடி ஓட்டை, பிளவு எல்லாவற்றுக்கும் இப்போது லப்பம். மரத்துக்கான லப்பம் கேட்டு வாங்குங்கள். சுவருக்குப் பூசும் பட்டி மரத்தில் நிற்காது. மரம் சுருங்கி விரியும்போது உதிர்ந்துவிடும். காய்ந்ததும் 220-ல் சமமாக்குங்கள்.

ப்ரைமர்: தேக்கு தன் நிறத்தைக் காட்டும்

வெள்ளை அடித்து இரண்டு நாள் கழித்து, டீக்கறை மாதிரி மஞ்சளாகப் புள்ளிகள் எழுந்தால் பயந்துவிடாதீர்கள். அது அழுக்கு இல்லை. மரத்துக்குள் இருக்கும் டானின் போன்ற நிறப்பொருள்கள், தண்ணீர் கலந்த ப்ரைமரில் கரைந்து மேலே வருகின்றன. அதே பெயின்டை நான்கு கோட் அடித்தாலும் மறையாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெயும் உண்டு. வெறும் மரத்தில் எண்ணெய் பெயின்ட் காய்வதையே அது தாமதப்படுத்தும்.

வார்னிஷ் முழுசாக இருக்கும் இடத்தில் இந்தப் பிரச்னை இல்லை. உரசும்போது மரம் வெளியே தெரிந்த இடங்களில்தான். அங்கெல்லாம் ஷெல்லாக் ஒரு கோட் அடித்தால் கறை மேலே வராது. ஷெல்லாக் வேறொன்றும் இல்லை, நம்ம அரக்குதான். மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து சில்லுகளாக விற்கிறார்கள். ராஞ்சியில் 1924-லேயே இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பாரதத்தில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை ஞாபகம் வருகிறதா? அதே அரக்கு. அதனால் தீ பக்கத்தில் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வாங்கும்போது மெழுகு நீக்கிய ஷெல்லாக்காகக் கேளுங்கள். மெழுகு இருந்தால் மேலே வரும் பெயின்ட் வழுக்கும்.

அது காய்ந்ததும் கதவு முழுக்க வுட் ப்ரைமர், மெல்லிசாக ஒரு கோட். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விட்டு, 320 உப்புத்தாளால் லேசாகத் தடவுங்கள்.

இந்த இடத்தில் ஒரு டெஸ்ட் செய்தால் பின்னால் வரும் அழுகையைத் தவிர்க்கலாம். ஒரு கதவின் உள்பக்கத்தில், ப்ரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு, பிளேடால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதன் மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். ப்ரைமர் டேப்போடு வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி கழுவுவதற்குப் போங்கள். வரவில்லை என்றால் தைரியமாகப் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம். எங்களுக்கு அடுப்புப் பக்கக் கதவு ஒன்று முதல் தடவை ஃபெயில். மறுபடி சோடா, மறுபடி உப்புத்தாள். ஒன்றரை நாள் போனது. போன வருஷம் இந்த டெஸ்ட்டைச் செய்திருந்தால் மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எந்த பெயின்ட்?

*எண்ணெய் எனாமல்:* கெட்டியாக இறுகும், கழுவலாம். ஆனால் வாடை ஒரு வாரத்துக்குப் போகாது. வெள்ளை நிறம் என்றால் நாளாக ஆக மஞ்சளாகும். வெளிச்சம் படாத உள்பக்கம் இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும்.

*தண்ணீர் எனாமல்:* வாடை குறைவு, சீக்கிரம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும், மஞ்சளாகாது. அடியில் தயாரிப்பு சரியில்லை என்றால் மன்னிக்கவே மன்னிக்காது. நாங்கள் எடுத்தது இதைத்தான்.

*இரண்டு டப்பா கலக்கும் பி.யு. ஸ்ப்ரே:* கார் மாதிரி ஃபினிஷ். ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமா வரவைக்கக் கூடியது. வீட்டில் நாமே ஸ்ப்ரே செய்யும் விஷயம் இல்லை. கதவுகளை ஸ்ப்ரே பூத் உள்ள கடைக்குக் கொடுத்தனுப்பலாம்.

*சுவர் எமல்ஷன்:* மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். கைப்பட்டுத் துடைக்கத் துடைக்கத் தேய்ந்துவிடும்.

பளபளப்பு? முழு கிளாஸில் சின்னக் குறைகூடத் தெரியும். முழு மேட்டில் மஞ்சள்தூள் கறை ஏறிக்கொள்ளும். சாட்டின் நடுவாந்திரம். மஞ்சள் கறை பட்டால் உடனே சோப்பால் துடைத்துவிடுங்கள். லேசான கறை வெயில் பட்டால் தானே வெளுக்கும்.

அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2 அடிக்கு ஒன்றரை அடி கதவு 12 என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 72 சதுர அடி. சட்டங்களுக்கு ஒரு 20. இரண்டு கோட்டுக்கு சுமார் 185 சதுர அடி. டப்பாவில் ஒரு லிட்டருக்கு எவ்வளவு பரப்பு என்று போட்டிருப்பதால் வகுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு லிட்டருக்குள் அடங்கும்.

அடிப்பது எப்படி?

கதவைப் படுக்க வைத்து அடித்தால் வழியாது. முதலில் பின்பக்கம், காய்ந்த பிறகு முன்பக்கம். பேனல் பள்ளங்களைப் பிரஷ்ஷாலும், தட்டையான இடங்களை 4 அங்குல ஃபோம் ரோலராலும் அடியுங்கள். ஒரு கனமான கோட்டைவிட மெல்லிய இரண்டு கோட் நல்லது. நடுவில் 320-ல் ஒரு தடவல், ஒரு துடைப்பு. கதவின் கீழ் ஓரத்தை மறக்காதீர்கள். கண்ணில் படாது, ஆனால் சிங்க் தண்ணீர் முதலில் ஏறுவது அந்த வழியாகத்தான்.

சீசனும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் சரியாகக் காயாது. அக்னி நட்சத்திர வெயிலில் பிரஷ்ஷை எடுக்கும் முன்னே காய்ந்து கோடு விழும். தை, மாசி வசதி.

எண்ணெய் வார்னிஷ், எண்ணெய் எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அதில் உள்ள எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். குவியலாக இருந்தால் தானே பற்றிக்கொள்ளக்கூட வாய்ப்பு உண்டு. விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

'காய்ந்தது' வேற, 'இறுகியது' வேற

தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை என்பதால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. பெயின்ட் முழுசாக இறுக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். அதுவரை அழுத்தித் தேய்க்கக் கூடாது. கதவு சட்டத்தில் இடிக்கும் இடத்தில் சின்ன ஃபெல்ட் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், நம் வீடுகளின் ஸ்பெஷல் பிரச்னை: தட்டில் பேப்பர் விரிப்பது. மரத்தட்டுக்கும் பெயின்ட் அடித்திருந்தால், ஒரு மாதத்துக்கு நியூஸ்பேப்பர் விரிக்காதீர்கள். மேலே பாத்திரம் ஏறினால் பேப்பர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அன்றைய தலைப்புச் செய்தி அடுத்த பத்து வருஷத்துக்கு உங்கள் கப்போர்டில் இருக்கும்.

ஆள் வைத்துச் செய்தால் என்ன கேட்பது?

எங்களுக்கு மொத்தம் ஒன்பது நாள் ஆனது. அதில் பெயின்ட் அடித்தது இரண்டு நாள் மட்டும். மீதி கழுவுவது, உரசுவது, காய விடுவது. அதுவரை வராண்டாவில் இண்டக்‌ஷன் ஸ்டவ் வைத்துச் சமையல். ஆபீஸ் லீவு கிடைக்காதவர்கள் பெயின்டரைக் கூப்பிடுவது தப்பே இல்லை. ரேட் பேசும் முன் இவற்றைக் கேளுங்கள்:

* கதவைக் கழற்றி அடிப்பீங்களா, மாட்டினபடியேவா?
* எண்ணெய் எடுக்க எதைப் போடுவீங்க? எத்தனை நாள் காய விடுவீங்க?
* மரம் தெரியுற இடத்துக்கு என்ன சீலர்?
* ப்ரைமருக்கு அப்புறம் டேப் டெஸ்ட் செய்து காட்ட முடியுமா?

இதற்கெல்லாம் கூடுதல் நாள் ஆகும், கூடுதல் கூலியும் ஆகும். அதைக் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். "ரெண்டு நாள்ல முடிச்சுடுங்க" என்று சொன்னால், அவர் விட்டுவிடப் போவது கண்ணுக்குத் தெரியாத வேலையைத்தான்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் கதவுகளை மாட்டினோம். கீல் பக்க ஓரத்தில் ஓர் அங்குலப் பட்டையை மட்டும் டேப் ஒட்டி மறைத்து, பெயின்ட் படாமல் விட்டிருந்தோம். கதவைத் திறந்தால் தேக்கு நிறமும் அந்தப் பென்சில் எழுத்தும் தெரியும். அப்பா ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார்.

"மூணு வலது... சரியாத்தான் மாட்டியிருக்கீங்க" என்றார். அதோடு ஹாலுக்குப் போய் டி.வி. போட்டுவிட்டார். பகலில் லைட் போடாமலே கடுகு எடுத்துத் தாளித்துக்கொண்டிருந்தார் அம்மா. புகை நேராகப் புதுக் கதவுப் பக்கம்தான் போனது. அடுத்த செலவு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.